படிக்கத்துச் சிவப்பு

இருசம்மாளுக்குப் புருஷனின் மூஞ்சி தெரிவதற்கு முன்பே அவன் குரல்தான் அறிமுகம். வையம்பட்டிச் சந்தையில் டூரிங் கொட்டகைக்காக ஒருவன் மாட்டுவண்டி மேல் நின்று, தகரக் குழாயை வாயில் வைத்து, "இன்று முதல்! இன்று முதல்!" என்று கத்தினான். கத்தின கத்தலில் விற்க வந்திருந்த ஆடுகளெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கின. கூட்டத்துக்குப் பின்னால் கத்தரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்தவளுக்கு ஆள் தெரியவில்லை, குழாயின் வாய் மட்டும் தெரிந்தது. ஆறு மாதம் கழித்து அந்தக் குழாய்க்காரனே மணையில் மாப்பிள்ளையாக உட்கார்ந்தபோது, "இத்தனை பெரிய சத்தம் இத்தனூண்டு ஆளுக்குள்ளேருந்தா வந்துச்சு?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுச் சிரித்துவிட்டாள். அய்யர் மந்திரத்தை நிறுத்திவிட்டு முறைத்தார்.

அந்த இத்தனூண்டு ஆள்தான் அழகிரி. கல்யாணமான கையோடு திருச்சியில் ஒரு சினிமாக் கொட்டகை அவனைக் கூப்பிட்டுக்கொண்டது. மலைக்கோட்டைக்குக் கீழே, சின்னக் கடைத்தெருவை ஒட்டிய சந்தில், ஒரே முற்றத்தைப் பார்த்த இரண்டு வீடுகளில் ஒன்றில் குடியேறினார்கள். மற்றதில் ஜட்கா ஓட்டும் காஜா மைதீனும் அவன் மனைவி ரோஷன் பேகமும். வெள்ளிக்கிழமைதோறும் காஜா மைதீனின் ஜட்காவுக்கு இரண்டு பக்கமும் தட்டி கட்டி, அதில் படத்தின் போஸ்டரை ஒட்டி, உள்ளே அழகிரி குழாயோடு ஏறிக்கொள்வான். ஊரையே ஒரு சுற்று. ஒவ்வொரு தெருவுக்கும் அவனிடம் ஒரு பாஷை உண்டு. பாலக்கரையில் "தாய்மார்களே, தொழிலாளத் தோழர்களே!" என்பான். காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிக்குள் நுழைந்ததும் குரல் குழைந்து, "பக்த கோடிகளே, குடும்ப சமேதராய் எழுந்தருளுங்கள்!" என்றாகிவிடும். படம் என்னவோ கத்திச் சண்டைப் படமாக இருக்கும். நோட்டீசை அள்ளி வீசினால் பையன்கள் மட்டுமல்ல, பட்டர் சுவாமிகளின் வீட்டுக் குழந்தைகளும் விழுந்தடித்துப் பொறுக்கும்.

இருசம்மாளும் அந்தத் தொழிலில் பாதிப் பங்குதான். போஸ்டர் ஒட்டுவதற்கு மைதாவும், பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தமும் போட்டுப் பசை காய்ச்சுவது அவள். வியாழக்கிழமை சாயங்காலம் அண்டா நிறையக் கொதிக்கும். "ஊரு சுவத்துல ஒட்டியிருக்கிற ராஜா ராணியெல்லாம் என் கையில சாப்பிட்டவங்க" என்று பெருமையடித்துக்கொள்வாள். பெருமைக்குக் குறைச்சலில்லை. குறை ஒன்றே ஒன்றுதான், அது வெற்றிலை.

அழகிரிக்கு வெற்றிலை போடாவிட்டால் குரல் எழும்பாது. அப்படித்தான் அவன் சொல்வான். தளிர் வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, கிள்ளு புகையிலை எல்லாம் அடங்கிய பெட்டி இடுப்புக் குழந்தை மாதிரி கூடவே வரும். துப்புவதற்கு வீட்டில் ஒரு பித்தளைப் படிக்கம். அது எந்நேரமும் சிவப்பாகவே இருக்கும். தினம் அதைக் கழுவிக் கழுவி இருசம்மாளுக்குச் சிவப்பு என்றாலே கோபம் வரும். கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்புச் சேலையைக்கூடத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடியிலிருந்து அழகிரியின் தொண்டை மாதம் ஒருதரம் வீங்க ஆரம்பித்தது. காய்ச்சல், வலி, எச்சில் விழுங்க முடியாது, குரல் கிணற்றுக்குள் போய்விடும். புத்தூரில் சொந்தமாகச் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு டாக்டர் கரண்டியால் நாக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் டான்சில் பழுத்துப் போயிருக்கு. எடுத்துடலாம்" என்றார். அழகிரி நடுங்கிப் போனான். உயிர் போய்விடுமோ என்று அல்ல, குரல் போய்விடுமோ என்று. மலையேறிப் போய்த் தாயுமானவர் சன்னதியில் நின்று, தொண்டை பிழைத்தால் ஒரு வாழைத்தார் வைப்பதாகவும், ஆபரேஷன் முடிந்து பத்து நாள் வாய் திறப்பதில்லை என்றும் வேண்டிக்கொண்டு வந்தான்.

ரோஷன் பேகத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இருசு, அந்தச் சாமிக்குப் புள்ளத்தாச்சிங்கதானே தார் வைப்பாங்க? சுகப்பிரசவம் ஆகணும்னு?"

"ஆமாக்கா. இவருக்கும் உள்ளேருந்து ரெண்டு வெளிய வரப்போவுதுல்ல. ரெட்டைன்னு வச்சுக்குங்க" என்றாள் இருசம்மாள்.

ரெட்டைப் பிரசவம் சுகமாகவே நடந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது கம்பவுண்டர் செபஸ்தியான் இருசம்மாளைத் தனியாக நிறுத்திச் சொன்னார். நல்ல மனுஷர், ஆனால் எதையும் இரண்டு தரம் சொல்வார்.

"நல்லாக் கேட்டுக்குங்கம்மா. தொண்டையில வெள்ளையா ஆடை மாதிரி பக்கு கட்டியிருக்கும். பயப்படாதீங்க, சுரண்டவும் சுரண்டாதீங்க. காது வலிக்குதும்பாரு, அதுவும் போயிடும். வாய் நாறும், பொறுத்துக்குங்க. ஜில்லுனு பால், ஆறின கஞ்சி, ஐஸ் எல்லாம் குடுங்க. ஆனா புது ரத்தம் ஒரு துளி பாத்தாலும் நிக்காம இங்க கொண்டாந்துடணும். வீட்டுக்குப் போயிட்டோம், தப்பிச்சுட்டோம்னு நினைக்காதீங்க. அஞ்சு நாள், பத்து நாள் கழிச்சு, பக்கு உதிர்றப்பவும் ரத்தம் வரும்."

"சரிங்க."

"இன்னொண்ணும்மா. சில பேருக்கு ரத்தம் வெளிய வராது. உள்ளயே முழுங்கிடுவாங்க. வாயில ஒண்ணுமே இல்லாம மடக்கு மடக்குனு முழுங்கிட்டே இருந்தாருன்னா அதுதான். வாயில ஒண்ணுமே இல்லாம, ஞாபகம் வச்சுக்குங்க. அப்புறம், வெத்தலைங்கற பேச்சே பதினஞ்சு நாளைக்கு எடுக்கக் கூடாது."

கடைசியில் சொன்ன அந்த வெற்றிலைதான் இருசம்மாளின் மனதில் ஆணியடித்த மாதிரி நின்றது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

வீட்டுக்கு வந்தான் மௌனசாமி. ஊரையே எழுப்புகிறவன் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருப்பதைப் பார்க்க அக்கம்பக்கமே வந்து போயிற்று. ஒரு சிலேட்டுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் எழுதிக் காட்டினான். அதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்த முற்றத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அழகிரிதான். இருசம்மாள் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. ரோஷன் பேகம் குர்ஆன் ஓதுவாள், சிலேட்டை ஓத மாட்டாள். காஜா மைதீனுக்குக் குதிரையின் மூஞ்சியைப் படிக்கத்தான் தெரியும். அழகிரி 'தண்ணீர்' என்று எழுதிக் காட்டினால் இருசம்மாள் விசிறியைக் கொண்டுவந்து விசிறுவாள். அவன் தலையிலடித்துக்கொள்வான். தலைவலியாக்கும் என்று தைலத்தை எடுப்பாள்.

கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாலோ, அவன் கிண்ணத்தைப் பார்ப்பான், பிறகு சுவரைப் பார்ப்பான், கிண்ணத்தில் விரலை விட்டுச் சுவரில் பூசிக் காட்டுவான். "பசை மாதிரி இருக்குங்கிறீங்களா? உங்க வாய் ஒட்டிக்கிட்டா எனக்கு நல்லதுதான், குடிங்க" என்பாள் அவள். காஜா மைதீன் சோடாக் கடையிலிருந்து மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டி வாங்கி வருவான். பச்சைப் புண்ணில் ஐஸ் வைத்தால் ஜன்னி கண்டுவிடும் என்று ரோஷன் பேகம் ஒரு பக்கம் கத்த, அழகிரி கண்ணை மூடிக்கொண்டு சொர்க்கத்தில் இருப்பவன் போல அதைச் சப்பிக்கொண்டிருப்பான்.

ஐந்தாம் நாள் அந்த யோக்கியன் மாட்டிக்கொண்டான். இருசம்மாள் குழாயடிக்குப் போயிருந்த சமயம் பெட்டியைத் திறந்து ஒரு வெற்றிலையை உள்ளே தள்ளிவிட்டான். திரும்பி வந்தால் கடைவாயில் சிவப்பு. "போட்டீங்களா?" என்று கேட்டாள். இரண்டு கையையும் ஆட்டினான், இல்லை. காமாட்சி விளக்கின் மேல் கையை வைத்துக் காட்டினான், சத்தியம். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினாள். ஆள்காட்டி விரலின் நுனியில் சுண்ணாம்பு.

"அடப் பாவி மனுசா! வெளக்கு மேலயே பொய்ச் சத்தியமா?"

பெட்டி ட்ரங்குக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. சாவி அவள் முந்தானை முடிச்சில் ஏறியது.

ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். புதுப் படத்துக்கு வேறு எவனோ ஒரு கீச்சுக் குரல்காரனைக் கொட்டகைக்காரர் பிடித்திருந்தார். அவன் வரும்வரை தட்டி கட்டின ஜட்கா, உள்ளே தகரக் குழாயோடு, முற்றத்தில் காத்துக்கொண்டிருந்தது. பசைச் சட்டியைக் கழுவிவிட்டு உள்ளே வந்த இருசம்மாள் கட்டிலுக்கடியில் இருந்த படிக்கத்தைப் பார்த்தாள். அடியில் பளிச்சென்று சிவப்பு.

அவளுக்கு உச்சந்தலை வரை ஏறிற்று. "மறுபடியுமா? ஏங்க, மறுபடியுமா? அறுத்துட்டு வந்த தொண்டையில சுண்ணாம்பை அப்புறீங்களே, சோறு திங்கிற மனுசன் செய்யிற வேலையா இது?"

அழகிரி இரண்டு கையையும் ஆட்டினான். இல்லை.

"இந்தக் கையைத்தானே அன்னிக்கும் ஆட்டுனீங்க!"

சிலேட்டை எடுத்து நாலெழுத்து எழுதிக் காட்டினான். "கிறுக்காதீங்க" என்றாள். அவன் விரலை வாய்க்குள் விட்டுத் தொண்டையைக் காட்டினான். "ஆமா, அங்கதான் போட்டிருக்கீங்க, தெரியுது" என்றாள். அவன் விளக்கைக் காட்டினான். அவ்வளவுதான், அவளுக்கு அடக்க முடியாத ஆத்திரம் வந்துவிட்டது. புலி வருது புலி வருது என்றவன் கதைதான். நிஜமாகவே வந்த புலி நடுவீட்டில் உட்கார்ந்திருந்தது, அவளோ புலி வருது என்று சொன்ன வாயைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

முந்தானையைத் தடவினாள். சாவி இருந்தது. ட்ரங்கைத் திறந்தாள். பெட்டி வைத்தது வைத்தபடி, வெற்றிலை வாடிச் சுருண்டு கிடந்தது. அப்படியானால் வெளியிலிருந்து வந்திருக்கிறது. யார் கொண்டுவந்திருப்பார்கள்? விடுவிடென்று முற்றத்தைக் கடந்து அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"பாய் அண்ணே! உங்களைக் கூடப் பொறந்தவரா நெனச்சேனே! ஐஸுக்குள்ள வச்சு வெத்தலை கடத்துறீங்களா?"

குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்த காஜா மைதீன் திகைத்துப்போய் நிமிர்ந்தான். "அல்லாஹ் மேல ஆணையா இல்ல தங்கச்சி! நான் எதுக்கு..."

"எங்க வீட்டு மனுசரு என்ன கடத்தல்காரரா?" என்று ரோஷன் பேகம் கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். "உன் புருசன் வெத்தலைக் கிறுக்குக்கு நாங்க என்ன பண்ணுவோம்?"

"அப்ப வெத்தலை பறந்து வந்துச்சா?"

"பறந்து வந்துச்சோ மொளச்சு வந்துச்சோ! உன் மாப்பிள்ளையைக் கேளு!"

பத்து வருஷச் சினேகிதம் பத்து நிமிஷத்தில் சந்தி சிரித்தது. போன ரம்ஜானுக்குக் கொடுத்த கஞ்சிக் கிண்ணம் திரும்பி வராத கதைவரை போயிற்று. கடைசியில் ரோஷன் பேகம்தான் சொன்னாள். "ஏன் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறே? போயி அவரு வாயை மோந்து பாரு. வெத்தலை வாசத்தை எந்த ஆம்பளையாலயும் மறைக்க முடியாது. எங்க வீட்டுல பீடியை நான் அப்படித்தான் கண்டுபுடிக்கிறேன்." காஜா மைதீன் சட்டென்று குதிரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதுவும் சரிதான் என்று இருசம்மாள் திரும்பி வந்தாள். கையும் களவுமாகப் பிடிக்கிற உற்சாகத்தோடு அழகிரியின் தாடையைப் பிடித்து இழுத்து, மூக்கை அவன் வாயருகே கொண்டுபோனாள்.

வெற்றிலை வாசம் இல்லை. சுண்ணாம்பின் காரம் இல்லை. புகையிலை நெடி இல்லை. துருப்பிடித்த பூட்டை மோந்தது போல ஒரு வாடை. அவள் பிடியில் இருந்த தொண்டை ஏறி இறங்கிற்று. மடக். ஒரு மூச்சு கழித்து மறுபடியும் மடக். அவன் வாயில் ஒன்றுமே இல்லை. வெற்றிலை இல்லை, தண்ணீர் இல்லை, கஞ்சி இல்லை. மடக்.

ஒளிந்துகொண்டிருந்த செபஸ்தியானின் வார்த்தைகள் எல்லாம் ஒன்றாக ஓடி வந்தன. நெற்றியைத் தொட்டாள், சில்லென்று வேர்த்திருந்தது. உதடு வெளிறியிருந்தது. சிலேட்டைப் பார்த்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த நாலெழுத்து என்னவென்று இப்போது தெரிந்தது.

"அய்யோ, ரத்தம்! அக்கா, ரத்தம்! எம் புருசன் ரத்தத்தை முழுங்கிக்கிட்டிருக்காரு, நான் ஒங்ககிட்ட சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்!"

சண்டை போன இடம் தெரியவில்லை. காஜா மைதீன் அழகிரியை அலாக்காகத் தூக்கி ஜட்காவில் போட்டான். ரோஷன் பேகம் தன் துப்பட்டாவையே உருவி அவன் வாயைத் துடைக்கக் கொடுத்தாள். இருசம்மாள் அவனைக் குப்புறச் சாய்த்து, "முழுங்காதீங்க, துப்புங்க, எங்க மேல வேணாலும் துப்புங்க" என்று மடியில் தாங்கிக்கொண்டாள். தட்டியை அவிழ்க்க நேரமில்லை. இரண்டு பக்கமும் கத்தியோடு பாய்கிற ராஜகுமாரனை ஒட்டிக்கொண்டே ஜட்கா சந்தை விட்டுப் பறந்தது.

அதுதான் வினையாயிற்று. சின்னக் கடைத்தெருவில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். தட்டியைப் பார்த்ததும் ஜனம் பூராவும் மொய்த்துக்கொண்டது. "டேய், நோட்டீஸ் வண்டிடா!" "நோட்டீஸ்! நோட்டீஸ்!" பாத்திரக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். பூ வாங்க வந்த பெண்கள் என்ன படம் என்று எட்டிப் பார்த்தார்கள். தெப்பக்குளம் திரும்புகிற முனையில் ஜட்கா நின்றேவிட்டது. "ஆளுக்கு ஒடம்பு சரியில்லப்பா, வழி விடுங்க!" என்று காஜா மைதீன் கத்தினான். சிரித்தார்கள். சாகிற மாதிரி நடித்துக்கொண்டே வந்து படத்துக்குக் கூட்டம் சேர்த்தவன்தானே அழகிரி, போன தீபாவளிக்கு? "என்னமா நடிக்கிறான் பாரு, ரத்தமெல்லாம் பூசிக்கிட்டு!" என்று ஒருவன் கைதட்டினான்.

மடியில் அழகிரி கண் செருகினான். இருசம்மாள் சுற்றிலும் பார்த்தாள். காலடியில் தகரக் குழாய் கிடந்தது. எடுத்தாள், வாயில் வைத்தாள், ஜட்காப் படியில் ஏறி நின்றாள்.

புருஷன் பேரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. ரேஷன் கார்டு எழுத வந்தவர் கேட்டபோதுகூட ரோஷன் பேகம்தான் அவளுக்காகச் சொன்னாள். கட்டினவன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். இப்போது குறைய அங்கே என்ன இருக்கிறது?

"அழகிரி சாகப் போறான்!" என்று கத்தினாள். தகரம் அதிர்ந்தது. "இது நடிப்பு இல்ல! என் புருசன் அழகிரி, தொண்டை அறுந்து ரத்தம் ஊத்துது! அழகிரிக்கு வழி விடுங்கய்யா! என் அழகிரிக்கு வழி விடுங்க!"

மலைக்கோட்டைப் பாறையில் பட்டு அந்தப் பேர் திரும்பி வந்தது. புருஷன் பேரை நடுத்தெருவில் ஒரு பெண்பிள்ளை கத்துகிறாள் என்றால் அதில் நடிப்பு இருக்க முடியாது என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. கைதட்டினவனே முன்னால் ஓடி, "ஒதுங்கு! ஒதுங்கு!" என்று மாட்டுவண்டிகளைத் தள்ளினான். மெயின் கார்டு கேட் வரைக்கும் ஆள் மாற்றி ஆள் ஜட்காவுக்கு முன்னால் ஓடினார்கள். இருசம்மாள் புத்தூர் போய்ச் சேரும்வரை குழாயை வாயிலிருந்து எடுக்கவில்லை. வழியில் யாருமே இல்லாத இடத்தில்கூட அவன் பேரைக் கத்திக்கொண்டே போனாள்.

டாக்டர் வாயைத் திறந்து, கட்டி கட்டியாக உறைந்திருந்ததை எடுத்துப் போட்டார். இடுக்கியில் பஞ்சை வைத்துத் தொண்டையின் இடது பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். செபஸ்தியான் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். கால் மணி நேரம் ஆயிற்று. பஞ்சை எடுத்து, விளக்கடித்துப் பார்த்து, "நின்னுடுச்சு" என்றார் டாக்டர். பிறகு இருசம்மாளைப் பார்த்தார்.

"எப்பலேருந்து ரத்தம்?"

"பத்து மணிக்குப் பாத்தேங்க."

"இப்ப மணி பதினொண்ணரை ஆகுது. இத்தனை நேரம் எங்கம்மா இருந்தீங்க?"

"கொஞ்ச நேரம் திட்டிக்கிட்டிருந்தேங்க" என்றாள் இருசம்மாள். "அப்புறம் அடுத்த வீட்டுல போய்ச் சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்."

செபஸ்தியான் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. டாக்டர் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு மணி நேரம் திட்டியிருந்தீங்கன்னா இங்க வந்திருக்கவே வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

இருசம்மாள் வராந்தாவுக்கு வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். காஜா மைதீனும் சேர்ந்து அழுதான். குதிரை மட்டும் ஆஸ்பத்திரி வேலியில் இருந்த செம்பருத்தியைத் தின்றுகொண்டிருந்தது.

சாயங்காலம் டாக்டர் மறுபடி வந்து பார்த்தார். "என்னய்யா, எப்படி இருக்கு?" என்றார். அழகிரி கையை ஆட்டினான். "பேசமாட்டாருங்க, பத்து நாள் விரதம்" என்றாள் இருசம்மாள்.

"விரதமா? கத்தக் கூடாதுன்னுதானே சொன்னேன்? பேசாதேன்னு யாரு சொன்னது? காலையிலயே வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இத்தனை ரகளை உண்டா?" என்று அவர் இரைந்துவிட்டுப் போனார்.

அழகிரி வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். தாயுமானவரோடு ஏதோ பேரம் முடித்துக்கொண்டான் போல. பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்தான். ஏழு நாளாக மூடிக் கிடந்த தொண்டையிலிருந்து முதல் வார்த்தை வந்தது. கரகரப்பாக, ஆனால் அவன் குரலாகவே வந்தது.

"இன்னிக்கு நான் போடலை."

"தெரியுங்க" என்றாள் அவள். கண்ணீர் மறுபடியும் இறங்கியது.

"நீ நம்பலை."

"நம்பலைதான். நாளைக்கும் நம்பமாட்டேன். வெளக்கு மேல கை வச்ச ஆளை எப்படி நம்புறது? ஆனா இனிமே வாயைத் தொறந்து பாத்துட்டுத்தான் திட்டுவேன். எங்கே, ஆ காட்டுங்க."

அவன் ஆ காட்டினான். செபஸ்தியானிடம் டார்ச்சு விளக்கை வாங்கி, ஒரு கையால் தாடையைப் பிடித்து, இடது பக்கம், வலது பக்கம், நாக்கின் அடி, கடைவாய் எல்லாம் அவள் நிதானமாகப் பார்த்தாள். புண் இருந்தது, பக்கு இருந்தது, புதுச் சிவப்பு எங்கேயும் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து தொண்டையைப் பார்த்தாள். அவன் சும்மா விழுங்கவும் இல்லை.

"சரி, மூடிக்குங்க" என்று விளக்கை அணைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் செருகி, கட்டிலருகே சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலையில் விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தாள்.